ஆவர்த்தனத்துக்கு நடுவே ஒரு காபி

மகேந்திரவர்ம பல்லவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் கட்டிக் காட்டுகிறேன் பார் என்று மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்தார். குடைந்ததோடு விட்டாரா? இன்னின்னது இல்லாமல் கட்டினேன் என்று அங்கேயே பட்டியல் போட்டு எழுதியும் வைத்தார். குடித்துவிட்டுக் கபாலத்தைத் தொலைத்த ஒரு காபாலிகனைக் கதாநாயகனாக்கி 'மத்தவிலாசம்' என்று கேலி நாடகம் எழுதினார். அவருடைய பட்டப்பெயர்களில் ஒன்று 'விசித்திரசித்தன்'. மண்டைக்குள் எந்நேரமும் ஏதாவது குடைந்துகொண்டே இருப்பவன் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறேன். சமஸ்கிருதப் பண்டிதர்கள் மன்னிக்கவும்.

இந்த ஆசாமி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிக்கும் வந்தார். மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையாருக்கு ஏறும் வழியில் ஒரு குடைவரை இருக்கிறது. படியேறி மூச்சு வாங்குகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. அதன் கல்வெட்டில் ஒரு குறும்பு உண்டு. சிவனுக்கு நதிகள் என்றால் பலவீனம். ஏற்கெனவே தலையில் ஒருத்தி இருக்கிறாள். கீழே ஓடும் காவிரியைப் பார்த்தால் என்ன ஆவாரோ என்று கவலைப்பட்ட பார்வதி, அப்பா வீட்டை விட்டுவிட்டு இந்த மலையிலேயே குடிவந்து, "இந்த நதி பல்லவனுடைய பிரியை, நினைவிருக்கட்டும்" என்று நினைவூட்டிக்கொண்டிருக்கிறாளாம். திருச்சியில் குடும்பச் சண்டையைக் கல்லில் பதிவு செய்த முதல் கேஸ் இதுவாகத்தான் இருக்கும்.

நம் கதைக்கு வேண்டிய பட்டம் இன்னொன்று: 'சங்கீர்ணஜாதி'. இதில் இரண்டு கட்சி. கலப்புச் சாதிக்காரர் என்று அர்த்தம் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, ஒன்பது எண்ணிக்கையுள்ள சங்கீர்ண தாள வகையைக் கண்டுபிடித்தவர் என்று அர்த்தம் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. காரணம் ஆராய்ச்சி அல்ல. நாலு நாலாகத் தாளம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்த ஊரில் ஒருவர் வந்து ஒன்பது போடு என்றால், ஜனங்கள் அவரை என்ன சாதி என்று விசாரிக்கத்தானே செய்வார்கள்?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் போனால் குடுமியான்மலை. அங்கே பாறையில் ஸ்வரங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏழு பகுதிகள்; வரிக்குப் பதினாறு கட்டு; கட்டுக்கு நான்கு ஸ்வரம். ருத்ராசாரியாரின் சீடரான ஒரு ராஜா, மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே இருக்கிறது. ராஜாவின் பெயர் இல்லை. மகேந்திரர்தான் என்று வெகுநாள் சொன்னார்கள். இல்லை, பிற்காலத்தது என்றும் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும் கோளாறு ஒன்றுதான். ஸ்வரம் இருக்கிறது, காலம் இல்லை. எந்த ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எந்தத் தாளம், எந்த வேகம், ஒரு வார்த்தை கிடையாது. சில எழுத்துகளின் தலையில் புள்ளி. அதற்கு என்ன பொருள் என்று ஆளுக்கொரு கருத்து. கடைசியில் தமிழில் ஒரு குறிப்பு: இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று. எட்டு என்ன, ஏழு என்ன? நரம்பா, ஸ்வரமா, பெஞ்சா?

அன்றைக்குப் பாறைமேல் உளியோடு உட்கார்ந்திருந்த சிற்பியை நினைத்துப் பார்க்கிறேன்.

"சாமி, இந்த 'ரி'யில எவ்வளவு நேரம் நிக்கணும்னு போடலையே?"

"பாடுறவனுக்குத் தெரியும், நீ அடி."

"பாடுறவன் செத்துட்டா?"

"அவன் சிஷ்யனுக்குத் தெரியும்."

ஆயிரத்து முந்நூறு வருஷமாகியும் அந்த சிஷ்யன் வந்து சேரவில்லை. மாணவர் நன்மைக்காக எழுதி மாணவருக்கே புரியாமல் போன முதல் நோட்ஸ் அது. கோனார் நோட்ஸ் பிறந்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு இதில் தனிப்பட்ட வருத்தம் உண்டு.

இசையமைப்பது என்றால் என்ன என்று பெரியவர்கள் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது அடுத்தவரை உட்காரவைத்துக் காக்கவைக்கும் வேலை. அடுத்த ஸ்வரம் எப்போது வரும், தாளம் சுற்றி முதல் தட்டுக்கு வருகிற சமம் எப்போது வரும், பல்லவியை எப்போது விடுவார்கள், மங்களம் எப்போது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு. காத்திருக்க வைப்பதில் ஒருவன் புதிதாக ஏதாவது செய்தால் அவனுக்குப் பரிசோதனைக்காரன் என்று பெயர். இந்த விஷயத்தில் திருச்சி, ஸ்ரீரங்கத்துக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஐரோப்பாக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பதில் பாதியை இங்கே மடப்பள்ளி வரிசையில் நின்றபடியே முடித்துவிட்டார்கள்.

நாதமுனிகளைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டை ஒட்டியவர், ஊர் காட்டுமன்னார்கோயில். யாரோ யாத்திரிகர்கள் பாடிய நம்மாழ்வார் பாசுரங்கள் பத்து அவர் காதில் விழுந்தன. முடிவில் ஆயிரத்தில் இப்பத்து என்று வருகிறது. மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே? தேடிக்கொண்டு ஆழ்வார்திருநகரிக்குப் போனார். அங்கே, மதுரகவியாழ்வாரின் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பதினொரு பாசுரத்தையும் 12,000 முறை சொல்லிப் பார் என்றார்கள். புளியமரத்தடியில் உட்கார்ந்து சொன்னார் என்று குருபரம்பரை சொல்கிறது.

நான் கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு மூன்று நிமிஷம் என்றாலும் 600 மணி நேரம். சோறு தண்ணீர் தூக்கம் இல்லாமல் 25 நாள். பிரான்ஸில் எரிக் சாத்தி என்று ஒருவர் 1893-ஐ ஒட்டி ஒரு சின்னப் பியானோத் துண்டை எழுதி, அதை 840 முறை வாசிக்கலாம் என்கிற மாதிரி ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். துண்டின் பெயருக்கே எரிச்சல்கள் என்றுதான் அர்த்தம். எழுபது வருஷம் கழித்து, 1963-இல், ஜான் கேஜ் என்ற அமெரிக்கர் நியூயார்க்கில் பியானோக்காரர்களை முறைபோட்டு உட்காரவைத்து 840-ஐயும் முடித்தார். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டிக்கெட் ஐந்து டாலர். உட்கார்ந்து கேட்ட ஒவ்வொரு இருபது நிமிஷத்துக்கும் ஐந்து சென்ட் திருப்பித் தந்தார்கள். உலகமே வாயைப் பிளந்தது. 840-க்கே இப்படி. 12,000 முடித்தவருக்கு என்ன திருப்பித் தந்தார்கள் என்றால், கேட்டது ஆயிரம், கிடைத்தது நாலாயிரம். இந்த வட்டி விகிதம் எந்த பேங்கிலும் கிடையாது.

கிடைத்ததைச் சும்மா வைத்துக்கொள்ளாமல் இசையமைத்தார். அதற்கு வைத்த பெயர் தேவகானம். சோழராஜா சபையில் இரண்டு பெண்கள் பாடினார்களாம். ஒருத்தி எல்லாருக்கும் பழக்கமான சாதாரண கானம். இன்னொருத்தி தேவகானம். ராஜாவுக்கு முதல் பாட்டு பிடித்தது, இரண்டாவது ஒரு மண்ணும் புரியவில்லை. பரிசும் முதல் பெண்ணுக்கே போயிற்று. புதிய சங்கீதத்துக்கு உலகெங்கும் கிடைக்கும் முதல் வரவேற்பு இதுதான். தேவகானம் பாடியவள், இது புரிகிற ஆள் வீரநாராயணபுரத்தில் (காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர்) இருக்கிறார் என்று மூட்டை கட்டிக்கொண்டு நாதமுனிகளிடம் போய்ப் பாடினாள். அவர் கொண்டாடினார். ராஜாவுக்கு ரோஷம், அப்படி அதில் என்னதான் இருக்கிறது, நிரூபியும் ஓய் என்றார். நாலாயிரம் தாளத்தை ஒரே நேரத்தில் தட்டச் சொல்லி, காதால் கேட்டே ஒவ்வொன்றும் என்ன எடை என்று நாதமுனிகள் சொன்னதாகக் கதை.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் நாதமுனிகளைச் சந்தேகப்பட மாட்டேன். என் கவலை வேறு. நாலாயிரம் ஜோடித் தாளத்தை ஒரே நேரத்தில் தட்டுவதற்கு எட்டாயிரம் கைகளை ஒரு சபையில் ஒன்றுசேர்த்தவர் யார்? எங்கள் தெருவில் கோலாட்டத்துக்குப் பத்துப் பேர் ஒன்றாகக் குச்சி தட்டிய சரித்திரம் இல்லை.

இந்தப் பாட்டையெல்லாம் அவர் தம் மருமக்கள் இருவருக்குச் சொல்லிக்கொடுத்து ஸ்ரீரங்கத்தில் உற்சவமாக நிலைக்கவைத்தார். அதுதான் அரையர் சேவை. தலையில் நீளக் குல்லாய், கையில் சின்னத் தாளம், பாட்டு, அபிநயம், நடுவே வியாக்கியானம். மார்கழியில் பகல்பத்து, ராப்பத்து என்று இழுக்கும். மூன்று மணி நேர சினிமாவுக்கு இடைவேளை கேட்கிற நாம், இருபது நாளுக்கு மேல் ஓடுகிற ஒரே நிகழ்ச்சியை ஆயிரம் வருஷமாக நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பது நமக்கே உறைப்பதில்லை.

நடுவே ஒரு நிசப்தமும் உண்டு. 1323-இல் டெல்லிப் படை வந்தபோது ஸ்ரீரங்கத்து உற்சவரான நம்பெருமாளை எடுத்துக்கொண்டு ஓடியவர்கள், திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது 1371-இல். நாற்பத்தெட்டு வருஷம். அதைப் பற்றி எனக்குக் கேலி வரவில்லை.

வயலூருக்கு வருவோம். திருச்சியிலிருந்து டவுன் பஸ் போகிற தூரம். அருணகிரிநாதருக்கு வேலை கிடைத்தது திருவண்ணாமலையில், போஸ்டிங் வயலூர். அங்கே போய்ப் பாடு என்று உத்தரவு. பதினைந்தாம் நூற்றாண்டு ஆசாமி. பதினாறாயிரம் பாடினார் என்பார்கள். கையில் இருப்பது ஆயிரத்து முந்நூறு சொச்சம். அவர் செய்த அட்டகாசம் என்னவென்றால், ஒன்று இரண்டு என்று முழு எண்ணில் போய்க்கொண்டிருந்த தாளத்துக்குள் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்று சில்லறையைக் கலந்துவிட்டார். தனத்தன தானன என்று சந்தக்குழிப்பு ஒன்று முதலில். சொற்கள் அதற்குள் போய் விழ வேண்டும். விழுந்திருக்கிறது, அதுதான் அக்கிரமம். திருப்புகழ் பஜனையில் தாளம் பிசகாமல் கடைசிவரை வந்து சேருகிறவருக்குச் சுண்டல் இரண்டு கரண்டி போட வேண்டும் என்பது என் நெடுநாள் கோரிக்கை.

தியாகராஜர் வந்ததும் இங்கேதான். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் திருவிழா. குதிரை வாகனத்தில் பெருமாள் புறப்பாடு. கூட்டத்தில் தியாகராஜரால் கிட்டே போக முடியவில்லை. திருவையாற்றில் யாராக இருந்தால் என்ன, ஸ்ரீரங்கம் கூட்டத்துக்கு முழங்கை ஒன்றுதான். ஒதுங்கி நின்றார். வாகனமும் நின்றுவிட்டது. ஸ்ரீபாதம்தாங்கிகள் தோளை மாற்றிப் பார்த்தார்கள், நகரவில்லை. சதிர் ஆடவைத்துப் பார்த்தார்கள், நகரவில்லை. யாரோ ஒரு பெரியவருக்கு பக்தர் ஒருவர் மனம் நொந்து நிற்கிறார் என்று பொறி தட்டி, தியாகராஜரைக் கூட்டிவந்து பாடச் சொன்னார்கள். தேவகாந்தாரியில் பாடினார், குதிரை நகர்ந்தது. ஸ்ரீரங்க பஞ்சரத்தினத்தில் ஒன்று அப்படிப் பிறந்தது என்பது கர்ண பரம்பரை.

பக்தர்கள் இதைக் கேட்டுக் கண்ணீர் விடுவார்கள். எனக்கு அந்தத் தோள்களின் ஞாபகம்தான். பாட்டு பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நிதானமாகப் போகிறது. தேவகாந்தாரி அவசரப்படுகிற ராகமும் இல்லை. மேலே பெருமாள், கீழே தண்டு, தண்டுக்குக் கீழே இவர்கள். சங்கதி ஒவ்வொன்றும் எத்தனை கனம் என்று அன்றைக்கு அவர்களைவிட நன்றாக உணர்ந்த ரசிகர் யாருமில்லை. எடையைக் காதால் கண்டுபிடித்தார் நாதமுனிகள். தோளால் கண்டுபிடித்தவர்களைப் பற்றி குருபரம்பரை எதுவும் எழுதவில்லை.

இப்போது சிம்மநந்தனம். இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. எண்ணி முடித்து மறுபடி ஒன்றுக்கு வந்துவிடலாம்; மனுஷனுக்கு ஒரு நிம்மதி. சிம்மநந்தனத்துக்கு 128. பதினெட்டு உறுப்புகள். எட்டு, எட்டு, நாலு, பன்னிரண்டு என்று ஆரம்பித்து, நடுவே இரண்டு இரண்டாகச் சிணுங்கி, மறுபடி பன்னிரண்டு, எட்டு, நாலு, நாலு என்று நடந்து, கடைசியில் பதினாறு. எட்டுக்குக் குரு என்று பெயர்; அது வருகிற இடத்தில் ஒரு தட்டுத் தட்டி முஷ்டியைச் சுழற்ற வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் மாவாட்டுகிற மாதிரி இருக்கும். ப்லுதம் என்கிற பன்னிரண்டு வந்தால் சுற்றியும் போட வேண்டும், வீசியும் போட வேண்டும். கடைசிப் பதினாறுக்குப் பெயர் காகபாதம். அதில் சத்தமே கூடாது. கையை மேலேயும் பக்கவாட்டிலும் காற்றில் வீச வேண்டியதுதான். பக்கத்து ஸீட்காரர் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வது நல்லது. ஜான் கேஜ் 1952-இல் நாலு நிமிஷம் முப்பத்துமூன்று வினாடி சத்தமில்லாத சங்கீதம் போட்டு நூற்றாண்டின் பெரும் துணிச்சல் என்று பெயர் வாங்கினார். நம்மிடம் சத்தமில்லாத பதினாறு அட்சரத்துக்கு இலக்கணமே இருந்தது. காக்கைக் கால் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டோம்.

காபி என்றதும் என் தாத்தா. உட்கார்ந்து நிதானமாகப் போட்டால் அட்சரத்துக்கு ஒரு வினாடி. ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, இரண்டு நிமிஷம் எட்டு வினாடி. பாடகர் சிம்மநந்தனப் பல்லவி என்று அறிவித்ததும் தாத்தா எழுந்து வெளியே போவார். போகும்போதும் தொடையில் தட்டிக்கொண்டேதான் போவார். கடையில் நின்று டம்ளரை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கையால் மாவாட்டிக்கொண்டே குடிப்பார். காகபாதத்தில் கை வீசியபடி உள்ளே நுழைந்து ஸீட்டில் உட்கார்ந்தால், சமம் சரியாக விழும். ஒருநாள் கடையில் சில்லறை பாக்கித் தகராறு. உள்ளே வந்து உட்கார்ந்தபோது பாடகர் வேறு எங்கோ இருந்தார். தப்பு யார் மேல் என்பது கடைசிவரை தீரவில்லை. பாடகர்தான் இரண்டு அட்சரம் விழுங்கிவிட்டார் என்று தாத்தா சாகும்வரை சாதித்தார்.

இந்தத் தாளத்தை வைத்துத் தஞ்சாவூரில் ஒரு போட்டியே நடந்ததாகச் சொல்வார்கள். பொப்பிலி கேசவய்யா என்று ஒரு வித்வான். பட்டம் என்ன தெரியுமா, பூலோக சாப சுட்டி. உலகத்தைப் பாயாகச் சுருட்டியவர் என்று அர்த்தம். பாயைச் சுருட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கும் வந்தார். உள்ளூர் வித்வான்கள் அவரைச் சமாளிக்க ஷ்யாமா சாஸ்திரியைப் பிடித்தார்கள். கேசவய்யா சிம்மநந்தனத்தை எடுத்தார். சாஸ்திரிகள் பதிலுக்கு எடுத்தது சரபநந்தனம், 79 எண்ணிக்கை. கேசவய்யா பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

இந்தக் கதையை ஸ்ரீரங்கத்தில் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும். சரபம் என்பது நரசிம்மரை அடக்கச் சிவன் எடுத்த உருவம் என்பது சைவர் கட்சி. சிம்மத்தைச் சரபம் ஜெயித்தது என்றால் அது வெறும் தாள விஷயமாக அங்கே முடியாது. "நரசிம்ஹனை ஜெயிக்க ஒரு பட்சியா? யாரங்காணும் சொன்னது?" என்று ஆரம்பித்து, காவிரிக்கு இந்தக் கரை, அந்தக் கரை என்றாகி, இராச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். அனுபவம்.

வையைச்சேரி மகா வைத்தியநாதய்யர் (1844–1893) இதே சிம்மநந்தனத்தில் கானடா ராகத்தில் ஒரு தில்லானாவே பண்ணினார். தில்லானா என்பது கச்சேரி முடிவில் ஜனங்கள் செருப்பைத் தேடும்போது பாடுகிற உருப்படி. அதற்கும் 128 எண்ணிக்கை வைத்தவரை என்ன சொல்ல? செருப்பு கிடைத்த பிறகும் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தேசி தாளங்கள் என்று சார்ங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் 120 தாளத்தைப் பட்டியல் போட்டு வைத்தார். நாம் அதைப் பரணில் ஏற்றிவிட்டோம். பாரீஸில் ஒலிவியே மெஸியான் என்ற ஆர்கன் வாத்தியக்காரர், ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கிறுக்கே பிடித்துப்போனார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் அவரைப் பிடித்துக் கைதி முகாமில் போட்டார்கள். அங்கே 1941 ஜனவரி 15 அன்று, கடும் குளிரில், சக கைதிகளோடு சேர்ந்து காலத்தின் முடிவு என்று ஒரு நால்வர் இசையை அரங்கேற்றினார். அதன் முதல் பகுதியிலேயே ராகவர்தனம், சந்திரகலா என்று நம் தேசி தாளங்கள். பட்டினியில் கிடந்த கைதிகள் அதை மௌனமாகக் கேட்டார்கள். காப்பியடித்தார் என்று இங்கிருந்து யாரும் நோட்டீஸ் விடவில்லை. விடுவதற்கு முதலில் பரணில் ஏற வேண்டுமே.

இப்படி ஆயிரம் வருஷமாக நேரத்தோடு விளையாடிக்கொண்டிருந்த ஊருக்கு 1939-இல் ஒரு வில்லன் வந்து சேர்ந்தான். திருச்சி வானொலி நிலையம். அதன் சுவரில் ஒரு கடிகாரம்.

அதுவரை யார் யாரைக் காக்கவைத்தார்கள் என்பது தெளிவாக இருந்தது. வித்வான் சபையைக் காக்கவைப்பார். ஜமீன்தார் வித்வானைக் காக்கவைப்பார். பெருமாள் எல்லாரையும் காக்கவைப்பார். கடிகாரம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் ஆரம்பி, அணைந்தால் நிறுத்து. அரை மணி என்றால் அரை மணிதான். அதில் ஆலாபனை எவ்வளவு, நிரவல் எவ்வளவு, தனி ஆவர்த்தனம் எவ்வளவு? மிருதங்கக்காரர் மோராவுக்கு வந்துகொண்டிருக்கும்போது செய்தி அறிக்கை வாசல்படியில் நிற்கும். பஞ்சாயத்துக்கு ஆழ்வாரா வருவார்? அதற்கு முன்பே மூன்று சொச்சம் நிமிஷத்தில் ஒரு கீர்த்தனையைத் திணிக்கிற கிராமபோன் தட்டும் வந்தாயிற்று. பெரும் பெரும் வித்வான்களெல்லாம் பஸ் பிடிக்கிற வேகத்தில் சரணத்தைப் பாடிவிட்டுப் போனார்கள். சங்கீதம் கெட்டது என்று ஒரு கூட்டம் அழுதது. நான் அழ மாட்டேன். சுருக்கச் சொன்னால்தான் சிலருக்குக் கற்பனை வருகிறது. சிலருக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தாலும் வருவதில்லை.

திருச்சி வட்டாரத்து ஆலத்தூர் சகோதரர்கள் அந்தக் காலத்து ஆட்கள்தாம். முதலில் ஒரு விஷயம்: அவர்கள் சகோதரர்கள் அல்லர். சிவசுப்பிரமணிய ஐயர், ஆலத்தூர் வேங்கடேச ஐயரின் பிள்ளை. ஸ்ரீனிவாச ஐயர் அவரிடம் பாட்டுக் கற்க வந்த சிஷ்யர். கடினமான பல்லவியும் திருப்புகழ்த் தாளமும் அவர்களுக்குக் கைவந்தவை. ஒரே கணக்கில் இவ்வளவு காலம் ஒற்றுமையாக இருந்ததே அவர்கள் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்பதற்கு அத்தாட்சி. கூடப்பிறந்தவர்கள் என்றால் எடுப்பிலேயே வழக்குப் போட்டிருப்பார்கள்.

அவர்களுக்கு மிருதங்கம் வாசித்தவர்களில் ஒருவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இடது கைக்காரர். அவர் இடம் மாறி உட்கார்ந்தால் வயலின்காரரும் மாறி உட்கார வேண்டும் என்பதற்காகவே அவரைத் தவிர்த்தவர்கள் உண்டு. 128 எண்ணிக்கைக்கு அசராத சங்கீத உலகம், ஒரு ஜமுக்காளத்தில் இடம் மாற்றுவதற்கு அப்படி அசந்தது.

பழனியின் சிஷ்யர் ஒருவர், லால்குடிக்குப் பக்கத்துப் பூவாளூரில் 1942-இல் பிறந்தவர், 1971-இல் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு கனடா போனார். டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் பாடகர் ஜான் ஹிக்கின்ஸோடு சேர்ந்து தென்னிந்திய இசை வகுப்பை ஆரம்பித்தார். அவர் திருச்சி சங்கரன். பூவாளூரில் சொன்ன தகிட தகதிமி அங்கே பனியில் உறைந்துபோகவில்லை. ஜாவாக்காரர்களின் கமேலான் வெண்கல வாத்தியக் குழுவுக்கு இசையமைத்தார், ஜாஸ்காரர்களோடு வாசித்தார், வெள்ளைக்காரப் பிள்ளைகளைத் தொடையில் தட்டவைத்தார். 2011-இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. நாற்பது வருஷம் என்பது எங்கள் கணக்கில் அதிகமில்லை, காகபாதம் மாதிரி. அகாடமிக்காரர்கள் சத்தமில்லாமல் கை வீசிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

அதிகம் எது என்றால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். பதினாறாம் நூற்றாண்டில் அச்சுதராயர் காலத்தில் பிடித்த வேலை. ராயர் 1542-இல் போய்ச் சேர்ந்தார், வேலை நின்றது. நானூறு வருஷத்துக்கு மேல் அதற்குப் பெயர் மொட்டைக் கோபுரம். எடுப்பு மட்டும் பாடிவிட்டு வித்வான் எழுந்துபோன பல்லவி மாதிரி நின்றது. அதற்குள் நாயக்கர், நவாப், பிரெஞ்சுக்காரர், வெள்ளைக்காரர், காங்கிரஸ், கழகம் எல்லாரும் அதன் கீழே நடந்துபோனார்கள். 1979-இல் அகோபில மடத்து 44-ஆம் பட்டம் அழகியசிங்கர், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, விட்ட இடத்தில் எடுத்தார். எட்டு வருஷத்தில் பதின்மூன்று நிலை, 236 அடி. 1987 மார்ச் 25 அன்று கும்பாபிஷேகம். அந்தப் பதின்மூன்றில் ஒரு நிலைக்குப் பணம் கொடுத்தவர் இளையராஜா. அதற்கு முந்தின வருஷம்தான் தியாகராஜரையும் பாஹையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டிருந்தார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கோபுரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, மொட்டையை எடுத்தால் போதும்.

காக்கவைப்பதில் இதோடு போட்டிக்கு வருகிற ஊர் ஒன்று உண்டு, ஜெர்மனியில் ஹால்பர்ஸ்டாட். அங்கே ஒரு பழைய மாதா கோயிலில் ஜான் கேஜின் ஆர்கன் உருப்படி ஒன்றை எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மொத்தம் 639 வருஷம். அந்த ஊரில் ஆர்கன் ஒன்று 1361-இல் வந்தது, அதிலிருந்து 2000 வரை எண்ணி அந்தக் கணக்கு. 1361-இல் நம்பெருமாள் இன்னும் ஊர் திரும்பவில்லை. கச்சேரி 2001 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. உருப்படி ஓய்வில் ஆரம்பிப்பதால் முதல் பதினேழு மாதம் சத்தமே இல்லை. 2024 பிப்ரவரி 5 அன்று ஸ்வரம் மாறியதைப் பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள். அதற்கு அடுத்த மாற்றத்துக்குக் குறித்த நாள் 2026 ஆகஸ்ட் 5. மங்களம் 2640-இல்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மார்கழியில் ஸ்ரீரங்கம் வரலாம். ராப்பத்து நாள்களில் நம்பெருமாள் மண்டபத்திலிருந்து உள்ளே திரும்பும்போது வீணை ஏகாந்தம் நடக்கும். எத்தனை மணிக்கு என்று யாரையும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். குளிருக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். காபியை முன்னாலேயே குடித்துவிடுங்கள்.